முதலமைச்சருக்கு வேலையே இல்லாத படம்

அந்தப் படத்தில் கதாநாயகன் மாநிலத்துக்கே முதலமைச்சர். கதாநாயகிக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், மந்திரிசபைக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இரண்டரை மணி நேரத்தில் ஒருவர்கூட அவனிடம் மனு கொடுக்கவில்லை. எஸ்டேட்டில் வேலை இல்லாத மழை நாட்களில் இதைப் போனில் மூன்று முறை பார்த்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

என் வீட்டுக்காரர் வெறும் வார்டு மெம்பர். விடிந்தால் வாசலில் நாலு பேர். தெருவிளக்கு, குடிதண்ணீர், நாகலூர் பஸ் நிற்காமல் போனது, எல்லாவற்றுக்கும் அவர்தான். வருகிறவர்களுக்கு டீ போட்டுப் போட்டே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

என் கழுத்தில் ஒரு கட்டி. சேலத்துக்குப் போய்ப் பரிசோதிக்க வேண்டும், துணைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. "ஏனுங்க, வர்ற வியாழக்கெழமை போலாங்களா?" என்று கேட்பேன். "ஆகட்டும் புள்ள" என்பார். அதற்குள் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். கெட்ட மனுஷர் இல்லை. நான் சொல்வது மட்டும் அவர் காதில் தங்குவதில்லை. எனக்கோ பயம். சேலத்து டாக்டர் என்ன சொல்லப் போகிறாரோ, அதைத் தனியாக உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலையில் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அனுப்புநர், பெறுநர், 'பொருள்: சேலம் ஆஸ்பத்திரிக்கு எனக்குத் துணையாக வரக் கோருதல்' என்று முறைப்படி எழுதினேன். வாசலில் நின்றவர்களோடு கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டேன். முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"மெம்பரூட்டம்மாவே மனுக் குடுக்கறீங்களா? நொம்ப நல்லா இருக்குதுங்க!"

"ஆமாங்க. இன்னிக்கு டீ கெடையாதுங்க" என்றேன்.

என் முறை வந்தது. அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையை நீட்டி வாங்கினார். நிமிர்ந்து பார்ப்பார், சிரிப்பார், கோபப்பட்டாலும் சரிதான் என்று நினைத்திருந்தேன். "பாத்துச் சொல்றனுங்க" என்றார், எல்லாருக்கும் சொல்வதையே. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோபம்கூட வரவில்லை. அலுத்துவிட்டது. துவைக்கும்போது அந்தப் பையிலிருந்து கூழாகிப் போன தாள்களைச் சுரண்டி எடுத்துப் போடுகிறவள் நான்தான். வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்குத் தனியாகவே கிளம்பினேன்.