சரவணன் கடையில் என் மயில்

இன்று ஸ்கூடாய் நகரில் இருக்கும் நண்பன் சரவணனின் அச்சுக்கடைக்குப் போனேன். கல்யாணப் பேனரில் என் மயில் தோகை விரித்து நின்றது.

அதை நான் கையால் வரையவில்லை. பிரிண்டர் படித்து வரைந்துகொள்ளும் போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலாக, வாரக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவையும் எண்களால் எழுதினேன். அவன் கேட்டான் என்பதற்காக.

பேனர் எடுக்க வந்த அக்கா வியந்துபோய், "அலமாக்! எவ்ளோ அழகு! யாரு செஞ்சது?" என்றார்.

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஏஐ தான்கா. ரெண்டே செகண்ட் லா," என்றான் சரவணன், என்னை வைத்துக்கொண்டே.

வீடு வந்து சேர்வதற்குள் அவனிடமிருந்து செய்தி: "டேய், அந்த மயிலுக்கு ஜோடியா இன்னொன்னு எழுதிக் குடுடா. அக்கா கேக்குறாங்க."

"ரெண்டே செகண்ட் பொறுடா" என்று பதில் போட்டிருக்கிறேன்.

எத்தனை மாதம் பொறுக்க வைக்கலாம், சொல்லுங்கள் மக்களே.