மஞ்சள் விளக்கு எரிந்த டர்போ வண்டி

“மேஸ்திரி, இவன் டீசல வித்துட்டு மண்ணெண்ண ஊத்திக்கினு கீறான். நீயே பாத்து சொல்லு. உண்மைன்னா இன்னியோட சாவிய வாங்கிடுவேன்.”

ஒரு நாள் காலையில் என் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மளிகைக்கடை பாய் சொன்னது இது. பின்னால் அவருடைய டிரைவர் ஏழுமலை தலை குனிந்து நின்றான். பாயிடம் வேலைக்கு வந்த பிறகு வேறு வண்டியைத் தொடாதவன்.

உத்திரமேரூரில் அந்த ஷெட்டை இப்போது மூடிவிட்டேன். தெருவில் யாராவது வண்டியை ஸ்டார்ட் செய்தால், படிக்கிற பேப்பரை விட்டுவிட்டுக் காது மட்டும் அந்தப் பக்கம் போகிறது. ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஸ்கேனரில் ஃபால்ட் கோடு என்கிற கோளாறு நம்பர் வந்ததும் பார்ட்ஸ் கடைக்கு ஓடுகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி டர்போ டீசல். முதல் நாள் திருப்புலிவனம் தாண்டியதும் இஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து புல்லிங் செத்துவிட்டது. சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போனானாம். வேறொரு ஷெட்டில் ஸ்கேனரைப் போட்டு, ஃபியூயல் பிரஷர் ஃபால்ட், அதாவது டீசல் அழுத்தத்தில் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “டீசல்ல கலப்படமா இருக்கும்” என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். பாய் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதலில் டீசல். கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தெளியவிட்டேன். தண்ணீர் இல்லை, மண்ணெண்ணெய் வாசனையும் இல்லை. ஃபில்டரும் சுத்தம்.

அடுத்தது ஸ்கேனர். இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தேன். முந்தின இரவிலிருந்தே என் ஷெட்டில் சும்மா நின்ற வண்டியில் பிரஷர் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. இங்கே ரீடிங் ஆடிக்கொண்டிருந்தது. சென்சார் ஒயரை அசைத்தால் இன்னும் துள்ளியது. ஓடாத இஞ்சினில் ஏது பிரஷர்? சென்சார் தப்புத் தகவல் கொடுக்கிறது, வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பி டர்போவை அடக்கிவிடுகிறது.

கனெக்டரைக் கழற்றினேன். ரப்பர் சீல் பிய்ந்திருந்தது. உள்ளே பின்களின் மேல் மஞ்சளாக ஈரப்பசை. விரலில் எடுத்து முகர்ந்தேன். சந்தனம்!

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏன்டா, ஆயுத பூஜைக்கு டயருக்குப் பொட்டு வெய்யி, வேணான்னா சொன்னேன்? சென்சார்ல இன்னாடா வேல உனக்கு?”

ஏழுமலை சுற்றிலும் பார்த்தான். “நான் வெக்கலண்ணா. பாய் வெச்சது. தர்காவுல சந்தனக்கூடு பாத்துட்டு வந்தாரு. வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு பானெட்டத் தெறந்து அவரே தடவினாரு. அத மறந்துட்டு நான் மறுநாளு ஓஸ் பைப்ப வெச்சி இஞ்சினக் கழுவிட்டேன். அப்பறந்தான் சந்தனம் கரையறதப் பாத்தேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தினான். “அவருகிட்ட சொல்லாதண்ணா. ஆசயா வெச்சாரு, மனசு பேஜாராயிடும். எலி ஒயரக் கட்ச்சிடிச்சின்னு சொல்லிடு.”

திருட்டுப் பட்டம் வாங்கி நிற்கிறவன் பேசுகிற பேச்சா இது! வேலை போகப்போகிறது, இவனுக்குப் பாயின் மனசு பெரிதாக இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவனை இன்னும் நன்றாகத் திட்டினேன்.

எலிக் கதையை பாய் நம்பலாம், நம்பாமலும் போகலாம். மண்ணெண்ணெய்ச் சந்தேகம் மட்டும் அவர் மனசில் ஒரு மூலையில் கிடக்கும். அதனால் பின்களைத் துடைக்காமல் அப்படியே விட்டு, பாய்க்குப் போன் போட்டேன்.

வந்தவர் குனிந்து பார்த்தார். பசையைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

“டீசல் சுத்தமா கீது பாய்” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் விரலில் ஒட்டியதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார். “நாஷ்டா துன்னியாடா?”

“இல்ல பாய்.”

“வா, போலாம்.”

அவர்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் கனெக்டரைக் கிளீன் செய்து, புது சீல் போட்டு, ஸ்கேனரில் ஃபால்ட் கோடை அழித்திருந்தேன். விளக்கு அணைந்துவிட்டது. பாய் சாவியை ஏழுமலையின் உள்ளங்கையில் வைத்தார். எப்போதும் பின்சீட்டில் உட்காருகிறவர், அன்று முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஷெட்டை நினைக்கும்போதெல்லாம் அந்த வண்டி கிளம்பிப் போனதுதான் முதலில் கண்ணில் வருகிறது.

தம்பிகளே, ஃபால்ட் கோடைப் படியுங்கள். டீசலைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.