கண் வைத்தியத்துக்குப் போன தேயிலை

ஊர்ச் சாமானைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய் வெளிநாட்டில் விற்கிறவனுக்குச் சுமப்பது கஷ்டமில்லை. காசைக் கேட்க வாயைத் திறப்பதுதான் கஷ்டம். உங்களில் யாராவது இதைச் செய்திருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். செய்யாதவர்கள், விருந்தாளியாகப் போன வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டே "இந்தப் பாக்கெட் இவ்வளவு" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நான் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தவன். ஐம்பத்தைந்தாவது வயதில் கடை கைமாறியது. புது முதலாளிக்கு என் வயது பிடிக்கவில்லை. அதே வருடம்தான் என் மனைவி கமலாவின் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், கண்ணில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய அண்ணன் சுந்தரம் சின்ன வயதிலேயே சித்தப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர்; திருச்சியில் இருக்கிறார். அங்கே ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், இடையில் விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊசிக்கு என் சேமிப்பு போதும். விமான டிக்கெட்டில்தான் துண்டு விழுந்தது. அந்தத் துண்டை மறைக்கத்தான் தேயிலையும் கராம்பும் கறுவாவும் எங்களோடு பறக்க ஆரம்பித்தன.

பெரிய குடும்பம்

தேயிலையோடு முதல் பயணம். திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே இரண்டு சேலை, ஒரு சாரம், ஒரு துவாய். அதற்குக் கீழே தரைவரைக்கும் தேயிலைதான். "யாருக்கு சார் இவ்ளோ டீத்தூள்?" என்றார். "சொந்தக்காரங்களுக்கு" என்றேன். அது பொய்யில்லை. சொந்தக்காரர்கள் வழியாகத்தான் விற்கப்போகிறேன். ஆனால் பொய்யில்லை என்று ஒருவன் தனக்குத்தானே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்போதே அது என்னவென்று தெரிந்துவிடுகிறது.

கமலா கறுப்புக் கண்ணாடியோடு, அதிகாரி நிற்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, "பெரிய குடும்பம் தம்பி" என்றாள். அவர் இன்னும் நாலு பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தார். அவளுடைய கண்ணாடியையும் என் கையிலிருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் பார்த்தார். பெட்டியை அவரே மூடினார். "போங்க. ஆனா உங்க சொந்தக்காரங்க சோறே திங்க மாட்டாங்களா சார்?"

மெல்லிசுப் பட்டை

கறுவா நம் ஊர்ப் பெருமை. சுருள் சுருளாக, விரலில் நொறுங்கும். திருச்சியில் மச்சான் வீட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்கார அம்மாவிடம் ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் கடையில் 'பட்டை' என்று விற்பது மரத்தோல் மாதிரி தடிப்பாக இருந்தது. அது வேறு சாதி, உண்மையான கறுவா இதுதான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். இடையில் இரண்டு பேர் வந்து பட்டை வாங்கிக்கொண்டு போனார்கள், தடிப்பானதை.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு சந்தேகம். தலைமுறை தலைமுறையாக அந்தத் தடித்த பட்டையைப் போட்டு பிரியாணி ஆக்கித் தின்று திருப்தியாக இருக்கிற ஜனங்களிடம், நீங்கள் தின்றது பட்டையே இல்லை என்று சொல்ல நான் யார்? பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டை மறுபடி சுற்றினேன். அந்த அம்மாவுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஒரு சுருளை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்ணே. ஆனா பட்டைன்னா கடிச்சா பல்லு ஆடணும். இது பேப்பரைச் சுருட்டி வச்ச மாதிரில்ல இருக்கு."

மாசி

என் அப்பா ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி வேலைக்காரர். வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருகிறவனைக்கூட உள்ளே விடமாட்டார். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு எழுத்துப் படிக்குமுன்பே தெரியும். இப்படிப்பட்டவரின் மகன் செய்த வேலையைக் கேளுங்கள்.

மூன்றாவது பயணம். மச்சானுக்கு நம் ஊர் மாசிக் கருவாடு என்றால் உயிர். சம்பல் இடிக்கவென்று சிறு துண்டு மாசி ஒரு பை வாங்கியிருந்தேன். அதைக் கைப்பையில் வை என்று சொல்லிவிட்டு நான் பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டேன். கமலா தடவிப் பார்த்து, கராம்பு என்று நினைத்து, தேயிலைப் பெட்டியின் நடுவில் வைத்துவிட்டாள். அன்று அவளுக்கு மூக்கடைத்துத் தடிமன் வேறு, வாசமும் தெரியவில்லை. பயணத்தில் பை கிழிந்துவிட்டது. தேயிலை பாக்கெட்டெல்லாம் வெறும் காகிதம்.

திருச்சியில் முதல் கோப்பையைக் குடித்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. "கண்ணு தெரியலைன்னா ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வசனம் என் காதில் விழுந்தது. கமலா கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாசிப் பைக்கும் கராம்புப் பைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவளுக்கு மங்கிவிட்டது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் இரண்டு மாதமாக விலையைக் கேட்டேனே தவிர, அவளிடம் எதைக் கேட்டேன்? தேநீர் குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் பேச்சை மாற்றினார். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், மரியாதையோடு கீழே வைத்துவிட்டு, "ஒங்க ஊர்ல டீ கொதிக்கறப்போ மீனையும் போட்டுருவாங்களா சார்?" என்று கேட்டார்.

அலுமாரி

அந்தப் பெட்டித் தேயிலை அத்தனையும் நஷ்டம், அடுத்த ஊசிக்கு வர முடியாது என்று நான் படுத்துவிட்டேன். ஆனால் மச்சானின் மனைவி சரோஜா இரண்டு நாளில் காசைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "எல்லாம் போயிருச்சுண்ணே. இந்தத் தெரு, அடுத்த தெரு, எங்க மகளிர் குழு, எல்லாரும் வாங்கிட்டாங்க" என்றாள். மாசி வாசத்தைச் சொன்னாயா என்றேன். சொன்னேன், சும்மா குடிச்சுப் பாக்குறோம்னு வாங்கினாங்க என்றாள். நம்ப வேண்டிய தேவை இருந்தது, நம்பினேன்.

அடுத்த முறை போனபோது துவாய் எடுக்க அவர்களுடைய அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்கத் தேயிலை. பாக்கெட் பிரிக்காமல், பழைய சேலையால் மூடி. மாசி வாசம் அப்படியே இருந்தது. மச்சான் பெயின்ட் கடையில் நிற்கிறவர்; சரோஜா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எந்தக் காசில் இதை வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பாக்கெட்டோடு சமையலறைக்குப் போய் நின்றேன். கோபமா, வெட்கமா, எது முதலில் வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. "இது என்ன சரோஜா?" என்றேன்.

அவள் கிரைண்டரை நிறுத்தவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுப் பொண்ணு கண்ணுக்குன்னு நாங்க காசு குடுத்திருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களாண்ணே? டீத்தூளுக்குன்னதும் எண்ணிப் பாத்தில்ல வாங்குனீங்க?"

சின்ன எழுத்து

அதற்குப் பிறகு கடனே என்று இல்லாமல் ஒழுங்காகத் தொழில் செய்யத் தீர்மானித்தேன். கடுகண்ணாவையில் பாதையோரம் சிறிய அளவில் தேயிலை பொதிசெய்து விற்கும் ஒருவர் அகப்பட்டார். மற்றவர்களைவிட நன்றாகவே மலிவு. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சரக்கு நன்றாகப் போனது. மூன்று பயணம் மச்சானுக்குப் பாரமில்லாமல் போய் வந்தோம். ஓய்வுபெற்ற வாத்தியார்கூட இரண்டு பாக்கெட் வாங்கினார், முகர்ந்து பார்த்துத்தான்.

போன மாதம் டாக்டர் கமலாவைச் சுவரிலிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். மேலிருந்து நாலு வரி வாசித்தாள்; ஐந்தாவதில் ஓரெழுத்துத் தவறியது. ஊசியை நிறுத்திவிடலாம், வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், மற்றதைக் கண்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெளியே வந்து நான் மருந்துக்கடை வாசலில் நின்று அழுதேன். அழுதுகொண்டே, கடுகண்ணாவையில் அடுத்த பயணத்துக்கென்று முற்பணம் கொடுத்து வைத்த தேயிலையை என்ன செய்வது என்றும் யோசித்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தன. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மச்சான் வீட்டுக்கு வந்ததும் கமலா கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தாள். நாட்காட்டி, மாவு டப்பா, சரோஜாவின் ரேஷன் அட்டை. "அண்ணி, இதுல அண்ணன் படம் கள்ளன் மாதிரி இருக்கு" என்றாள். மச்சான் "அப்படியே கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம் நீ" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு விற்காமல் மிஞ்சியிருந்த ஒரு பாக்கெட் தேயிலையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். என் பக்கம் திரும்பி, நேராக என் கண்ணைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: "இங்க பாருங்க, இது போன வருசமே காலாவதி ஆன தேயிலை. இதையா மூணு தடவையா கொண்டாந்து வித்தீங்க?"

ஆக, என் வியாபாரம் அவ்வளவு நாள் கௌரவமாக நடந்ததற்குக் காரணம், எங்கள் இருவரில் ஒருவருக்குக் கண் தெரியாமலும் மற்றவருக்குப் பார்க்க மனமில்லாமலும் இருந்ததுதான்.