சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்

என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், எழுபது தாண்டிய பிறகு அவருடன் நடப்பது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. நான் திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விஜயபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய்வர முடியும். அந்த ஒரு நாளில் முடிக்க வேண்டியவை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நைனாவோ வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் மூன்று முறை நின்றுவிடுவார். யார் வீட்டுச் சுவரையாவது பிடித்துக்கொண்டு குனிவார். இடுப்பிலிருந்து கால்வரை வலித்து மரத்துப் போகிறது என்பார். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

அதே மனிதர் தினமும் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிலத்துக்குப் போவார். ஏறி ஓட்டுவதில்லை. முதுகை வளைத்து, ஹேண்டில்பாரில் சாய்ந்தபடி இரண்டு கிலோமீட்டர் எங்கும் நிற்காமல் போய் வேர்க்கடலைச் செடிகளைப் பார்த்துவிட்டு வருவார். அதனால் அவருடைய கால் வலியை நான் நம்பவில்லை. என்னோடு வெளியே வரப் பிடிக்காமல் சாக்கு சொல்கிறார் என்றே நினைத்தேன்.

புத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. நைனா நின்றுவிட்டார். நான் கை காட்டியும் பஸ் எங்களுக்காக நிற்கவில்லை.

“சைக்கிளத் தள்ளிக்கினு அம்மாந்தூரம் போறியே நைனா, அப்ப மட்டும் கால் மரக்காதா?” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். பின்னாலேயே வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி நான் போய்விட்டேன். அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தும் இலையைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நைனா நடக்கிறாராம். மறுநாளே லீவு போட்டுவிட்டு அவரைத் திருப்பதிக்கு அழைத்து வந்தேன்.

டாக்டர் தெலுங்கில் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்து நடந்தால் வலி குறைகிறதா என்று கேட்டார். நைனா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சைக்கிள் இருந்தால் நடக்க முடிகிறது என்றார். டாக்டர் தலையசைத்தார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பவை வருடக்கணக்கில் தேய்ந்து, நரம்பு போகும் வழி குறுகிவிட்டதாம். நிமிர்ந்தால் அது இன்னும் நெருக்கும், குனிந்தால் கொஞ்சம் வழி கிடைக்கும். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, பாதத்தில் பலம் குறைய ஆரம்பித்துவிட்டதால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

வெளியே பெஞ்சில் நைனா உட்கார்ந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தேன். கடைசியில் அவர் முன்னால் வந்து, தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

“எனக்கே தெரியலம்மா,” என்றார். “வயசான காலத்துல சோம்பேறி ஆயிட்டனோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நின்று நின்று போகாமல் நடக்கிறார். இடது பாதத்தின் பலம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு நாள்பட நசுங்கிக் கிடந்ததால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பயிற்சி செய்தாரா என்று ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்கிறேன். அவருக்கு அலுத்துவிட்டது.

காலை ஒன்பது மணியிலிருந்து நாற்காலியிலேயே இருக்கும் எனக்கும் சாயங்காலமானால் தொடையில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது. எழுந்து ஜன்னல்வரை போகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன், மறுபடி எழுகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நைனாவைக் காட்டப் போகும்போது என் பெயருக்கும் ஒரு டோக்கன் போடச் சொல்லியிருக்கிறேன்.