திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

அந்த வீட்டில் காலைப் பாத்திரம் தேய்ப்பது கணவன்தான். மனைவி கை வைத்தால், தட்டும் தட்டும் மோதுகிற சத்தத்துக்கே முகம் சுளித்துப் பாதியில் விட்டுவிடுவாள்.

"நாள் பூரா சத்தத்தோட மல்லுக்கட்டுற. வீட்லயாவது விடேன்" என்பான்.

"உன் குறட்டையை விட்டுவச்சிருக்கேனே, போதாதா?" என்பாள் அவள்.

பழைய நாடக ஒலிப்பதிவுகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில் அவளுக்கு வேலை. நாடாவைக் கணினியில் ஏற்றி, இரைச்சல், இருமல், நாற்காலி இழுபடும் ஓசை என்று எல்லாவற்றையும் நீக்கிக் கேட்கும்படி ஆக்க வேண்டும். அங்கே அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர் மேலாளர். பாராட்டித்தான் வைத்தார் என்று அவளாக எடுத்துக்கொண்டாள்.

நீக்கிய சத்தத்தையும் அவள் தூக்கிப்போட மாட்டாள், தனிக் கோப்பாக வைத்திருப்பாள். நடிகர் பேசியதில் ஓர் எழுத்து தவறி அதில் சிக்கியிருந்தால் மீட்டுக்கொள்ளலாமே. "குப்பையைப் பூட்டிவைக்கிற ஆளை இங்கதாம்மா பாக்குறேன்" என்று அலுத்துக்கொள்வார் மேலாளர். கணினியில் இடம் போதவில்லை என்பது அவருடைய தீராத கவலை.

அன்று வந்த அம்மாள் ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைத்தவர். காலமான கணவரும் அதே குழுதான். வீட்டிலிருந்த ஒரே நாடாவை அம்மாள்தான் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை அது இணையத்தில் ஏறப்போகிறது. அதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் போகக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் காட்சி முடியும்வரை அசையாமல் இருந்தார்.

"பளிச்சுனு இருக்கும்மா. இவர் எப்ப வருவார்?"

"ராஜாவா நடிச்சவர்தானே உங்க வீட்டுக்காரர்?"

"அந்த ஆளா? அவருக்கு ஒரு வரி வாயில நிக்காது! திரைக்குப் பின்னால நின்னு வசனம் எடுத்துக் கொடுத்தாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். இவர் மெதுவாச் சொல்லுவார், அப்புறம் ராஜா முழங்குவார்."

சல்லடை ஓடிக்கொண்டிருந்த ஒலியை நிறுத்தினாள்.

வருடக்கணக்கில் சுற்றியபடியே கிடக்கும் நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதுண்டு. நடிகர் வாய் திறக்குமுன்பே அதே வசனம் சன்னமாகக் கேட்கும். இதுவும் அந்தக் கோளாறுதான் என்று முடிவுகட்டி, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் வார்த்தை பிரியாமல் கேட்ட மெல்லிய குரலைப் பேன் பார்ப்பதுபோல் தேடித் தேடி எடுத்திருந்தாள். மேலாளர் கேட்டு மகிழ்ந்து, இடம் பண்ணக் கணினியிலிருந்த மூலப் பிரதியை அழிக்கச் சொன்னார்; அழித்துவிட்டாள். நாடாவோ ஒருமுறை ஓடியதும் பூச்சு உதிர்ந்து வீணாகிவிட்டது. அந்தக் குரல் மிச்சம் இருந்தது குப்பைக் கோப்பில்தான்.

"அம்மா, அவரை நான்தான் எடுத்துட்டேன். கோளாறுனு நினைச்சுட்டேன்."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்து எங்க போட்டே?"

கோப்பைத் திறந்தாள். உஸ்ஸென்று இரைச்சல், யாரோ இருமினார்கள். பிறகு ஒரு கிசுகிசுப்பு: "கதவைத் திறங்கள், காவலர்களே." ராஜாவின் குரல் இந்தக் கோப்பில் இல்லை, அவர் முழங்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மறுபடியும், "கதவைத் திறங்கள்..." கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், கதவுய்யா!"

அம்மாள் சிரித்துவிட்டார். "வீட்லயும் இதே தொனிதான். மூக்கடைப்பு வேற அன்னைக்கு, பாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை இவரும் இருப்பாரா?"

"இருப்பார்மா. வெளியில உக்காருங்க, இதோ வந்துடறேன்."

எடுத்ததைச் சுத்தம் செய்த கோப்போடு திரும்பச் சேர்த்தால் மூலம் அப்படியே வந்துவிடும். சேர்த்தாள். கூடவே இருமலும் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். உள்ளே வந்த மேலாளர் ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டார்.

"என்னம்மா இது, பேய் முணுமுணுக்குற மாதிரி? சுத்தமா இருக்குனு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு."

"அவரும் நாடகத்துல இருந்தவர்தான் சார்."

"ஜனங்க ராஜாவைக் கேக்க வருவாங்களா, இவரைக் கேக்க வருவாங்களா?"

அவள் வெள்ளிக்கிழமைக்கான வரிசையில் சுத்தம் செய்த கோப்பை எடுத்துவிட்டு, இந்தக் கோப்பை வைத்தாள்.

"உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது?"

அம்மாள் மறந்துவிட்டுப் போன கைப்பை நாற்காலியில் இருந்தது. சல்லடை அதை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.