பெரியவருக்குக் கேஸ் நிற்கவில்லை

ஏசி மெக்கானிக்கை அந்த வட்டாரத்தில் 'ஜில்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ எந்நேரமும் வியர்த்து வழிகிறவர். வீட்டு ஏசிகளோடும் ஹீட்டர்களோடுமே காலம் தள்ளியவர் என்பதால், அவற்றை அது, இது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. புதிதாக மாட்டியது 'பையன்'. பத்து வருஷம் தாண்டிவிட்டால் 'பெரியவர்'. உழைக்கிற எதுவும் ஆண்டவன் தந்த துணை, அதற்கு மரியாதை வேண்டும் என்பது அவர் எண்ணம். மூடியைக் கழற்றும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார்.

அன்று போன வீட்டில் கூடத்து ஏசி தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெண் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லு மேலே ஏறிப் பார்த்தார், வெளியே போய்ப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவருக்கு முடியலம்மா. உள்ளே குழாயெல்லாம் அரிச்சுப் போச்சு. கேஸ் நிக்கவே இல்ல. சும்மா மூச்சு வாங்குறாரு. இந்தக் கோடையைத் தாண்ட மாட்டாரு."

"ஏதாவது செஞ்சு பார்க்கலாமாண்ணா?"

"வீண் செலவு. வேற பாருங்க. சொன்னீங்கன்னா ஆள் கூட்டிட்டு வந்து நானே தூக்கிட்டுப் போயிடுறேன்."

கூடத்தை ஒட்டிய அறையில், திரைக்குப் பின்னால், அவளுடைய அப்பா படுத்திருந்தார். அடுத்த வாரம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். அதற்கு முன் ஒரு டாக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இதெல்லாம் ஜில்லுவுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அப்பா நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடலண்ணா. மாத்திரை வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம்கிறாரு. டாக்டரே கைய விரிச்சுட்டாராம். எந்த டாக்டர்னா, நேத்து வந்தவர்ங்கிறாரு. நேத்து வந்தது நீங்க மட்டும்தான்!"

ஜில்லு போனைச் சட்டைப்பையில் போட்டார். 'ஆண்டவா, என் வாயில இப்படியா வரணும்' என்று வண்டியை விரட்டினார்.

கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வாங்க டாக்டர். இன்னைக்கே தூக்குறீங்களா?"

"ஐயா, நான் டாக்டர் இல்ல, ஏசி பாக்கறவன். நேத்து சொன்னது மெஷினை."

"மெஷினை எவனாவது பெரியவர்னு சொல்லுவானா? பாப்பா சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கா. எனக்குக் கேஸ் நிக்காதது ஊருக்கே தெரியும்."

பேச்சு எடுபடாது என்று தெரிந்துபோனது. இருவருமாக அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். ஜில்லு மூடியைக் கழற்றினார். பச்சை பூத்து, எண்ணெய் கசிந்து கிடந்த குழாயைத் தொட்டுக் காட்டி, நேற்றுச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார்.

கிழவர் கழுத்தை நீட்டிக் குழாயைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று மகளுக்கே விளங்கவில்லை.

"தம்பி, இதெல்லாம் எத்தனை வருஷம் ஓடும்?"

"பத்து, பன்னெண்டு. கவனிச்சா பதினஞ்சு. ஃபில்டரைக் கழுவாம விட்டா அதுக்கு முன்னாடியே படுத்துடும்."

"இவர் வந்து பதினேழாச்சு."

"அதான் எனக்கும் ஆச்சரியம். யாரோ விடாமக் கழுவியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ? நான்தான். முட்டி மடங்குன வரைக்கும்." கிழவர் மகள் பக்கம் திரும்பினார். "புதுசு வாங்கு பாப்பா. ஆபரேஷனையும் முடிச்சுடுவோம். இல்லேன்னா அந்தப் பையனை யாரு பார்த்துக்கறது?"

"ஸ்டூல்ல ஏறுங்க, இன்னொரு முட்டியை நானே உடைக்கிறேன்" என்ற மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டெடுக்க ஓடினாள்.

திரும்பும் வழியில் ஜில்லு வண்டியை ஓரங்கட்டிச் சற்று நின்றார். குழாயைப் பார்த்து ஏசியின் ஆயுசைச் சொல்லிவிடலாம். மனுஷனுடையது மேலே இருக்கிறவன் கணக்கு. அதில் தன் நாக்கு போய் விழுந்துவிட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் மெஷினைப் 'பெரியவர்' என்கிற பழக்கம் போகவில்லை. அடுத்த வீட்டில் மூடியைக் கழற்றியவர், வாயைத் திறக்கும் முன் உள் அறைப்பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, வீட்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?"