சிவப்புச் சட்டியில் பால்

என் மகள் எங்கள் வீட்டில் பாலை ‘மில்க்’ என்பாள். எதிர்வீட்டில் அதையே ‘ஹலாவ்’ என்பாள். அது எபிரேயச் சொல். ‘பால்’ மட்டும் அவள் வாயில் வராது. நான் தமிழில் என்ன கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான்.

மவுண்ட் வெல்லிங்டனில் வேலை முடிந்து நான் த்ரீ கிங்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்துசேர ஆறரை ஆகிவிடும். அதுவரை எட்டு வயது மகளைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு யூத அம்மா. மிகவும் நல்லவர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்தால் வேறு ஆள் தேடியிருப்பேன்.

ஒருநாள் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டு முடித்தவளிடம் வழக்கம்போல் பால் தம்ளரை நீட்டினேன்.

“இந்தா, குடி பிள்ளை.”

“நாட் ஆஃப்டர் சிக்கன், அம்மா.”

இறைச்சி சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குப் பாலைத் தொடக்கூடாதாம். அது அவர்கள் வழக்கமாம். கலிலேயாவில் கூஷ் ஹலாவ் என்று பாலின் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறதாம், ஆனால் அந்தக் காலத்தில் அது பேர்போனது ஒலிவ் எண்ணெய்க்காம். நான் பிறந்த ஊரின் பெயரை அவள் இன்றுவரை கேட்டதில்லை.

குளிர் தொடங்கியபோது அவர்களுக்கு ஒரு திருநாள் வந்தது. அன்று பால் பண்டங்கள்தான் விசேஷம். அதற்கு முதல் நாள் அந்த அம்மா என்னையும் கூப்பிட்டு, தன் வீட்டுப் பாலில், தன் அடுப்பில், எங்கள் பண்டம் ஒன்று செய்து தரச் சொன்னார். பாயாசம் வைக்கப் போனேன்.

நீலக் கைப்பிடிச் சட்டிகள் பாலுக்கு, சிவப்பு இறைச்சிக்கு. மகள் இதை எனக்குப் பத்துத் தரம் சொல்லியிருக்கிறாள். மேசையில் அவர்கள் இருவரும் தலையோடு தலை வைத்து, சீஸ் கேக்குக்கு பிஸ்கட் நொறுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நான் சிவப்புச் சட்டியை எடுத்துப் பாலை ஊற்றினேன்.

பால் பொங்கி வந்தபோதுதான் அந்த அம்மா பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஆனாலும் என் தோளைத் தட்டி, தெரியாமல் நடந்ததுதானே என்றார். பாலைக் கொட்டினார். அவருடைய மதகுருவிடம் கேட்காமல் இனி அந்தச் சட்டியைத் தொட முடியாது என்று சொல்லி, அதைத் தனியே எடுத்து வைத்தார்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் போய்விடும். கிட்ட வந்தாள். அந்த அம்மாவுக்கு விளங்கக்கூடாது என்று மெல்லத் தமிழில் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுந்தானே, அம்மா?”

“ஓம், தெரியும்” என்றேன்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பிப் போய், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.